அறைச் செருப்பு



ஹோட்டல் என்றதும் எங்கள் ஊர்களில் முதலில் நினைவுக்கு வருவது சாப்பாட்டுக்கடைதான். இம்மாதம் நான் எழுதுவது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளைப் பற்றி. அதிலும், கட்டிலடியில் விருந்தினருக்கென்று வைக்கப்படும் துணிச் செருப்பைப் பற்றி. "இதுக்கும் ஒரு பக்கமோ?" என்று சிலர் சிரிக்கக்கூடும். போர் முடிந்த 2009க்குப் பின் பாசிக்குடா, நிலாவெளி, யாழ்ப்பாணம் என்று பல இடங்களில் விடுதிகள் எழும்பின. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020 கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி விழுந்தும், 2024ஆம் ஆண்டில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நாட்டுக்கு வந்தார்கள். அந்த அறைகளைக் கூட்டித் துடைக்கிறவர்களில் எங்கள் பெண்களும் இருக்கிறார்கள். தங்கள் வீட்டிலேயே ஒன்றிரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் போய்வரும் தையல் குழுக்கள் சிலவற்றுக்குச் செருப்பு ஓடரும் வந்திருக்கிறது. ஆகவே இது எங்கள் வீட்டு விடயம்தான்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவது எங்களுக்குப் பழகின ஒன்று. யார் செருப்புப் போடலாம், யார் போடக்கூடாது என்று சாதியை வைத்துத் தீர்மானித்த காலமும் யாழ்ப்பாணத்தில் இருந்தது. ஆகவே செருப்பு என்பது வெறும் காலுக்கான பொருளாக எங்களிடம் ஒருநாளும் இருக்கவில்லை. யப்பானியர் இதில் எங்களைவிடக் கண்டிப்பானவர்கள். வெளிச்செருப்பை வாசலில் விட்டு, உள்ளே வேறு செருப்புப் போடுவார்கள். பாய் விரித்த அறைக்குள் அதையும் கழற்றுவார்கள். மலசலகூடத்துக்கு இன்னொரு சோடி தனியாக இருக்கும். எங்கள் வீடுகளிலும் கக்கூசுக்கென்று ஒரு பழைய றப்பர்ச் செருப்பு கதவடியில் கிடக்கும் அல்லவா? அதே எண்ணந்தான்.

ஆனால் விடுதி அறையில் இப்படி மாற்றுவதில்லை. கட்டிலால் இறங்கும் விருந்தினர் அதே செருப்போடு குளியலறைக்குப் போவார், ஈரக்காலோடு திரும்பி வருவார், விறாந்தையிலும் நிற்பார். செருப்பைத் தெரிவு செய்கிறவர் மனதில் முதலில் வைக்க வேண்டியது இதைத்தான். பெரும்பாலும் நடப்பதோ வேறு. முகாமையாளர் மேற்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறார். மெத்தென்று இருக்கிறதா, வெள்ளையாக இருக்கிறதா, பெயர் பொறித்தால் வடிவாக இருக்குமா என்று பார்க்கிறார். திருப்பி அடியைப் பார்ப்பதில்லை.

அடிதான் செருப்பு. மலிவான செருப்புகளுக்கு 2, 3 மில்லிமீற்றர் நுரைத்தகடுதான் அடியாக இருக்கும். ஈரமான ரைல்ஸில் அது சவர்க்காரத் துண்டு மாதிரி வழுக்கும். 5 மில்லிமீற்றராவது இருந்து, கீழே புள்ளி புள்ளியாகவோ வரிவரியாகவோ பிடிமானம் இருந்தால் நல்லது. சோதித்துப் பார்க்க மெசின் ஒன்றும் தேவையில்லை. ரைல்ஸ் தரையில் ஒரு கோப்பைத் தண்ணீரை ஊற்றுங்கள். செருப்பை வைத்து உள்ளங்கையால் அழுத்தி முன்னுக்குத் தள்ளுங்கள். பிறகு தண்ணீரோடு கொஞ்சம் சவர்க்காரத்தைச் சேர்த்துத் தள்ளுங்கள். இலேசாக ஓடினால் அந்தச் செருப்பு வேண்டாம். அடுத்ததாக அடியை இரண்டாக மடித்துவிடுங்கள். மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து நிமிராமல் நின்றால் அது இரண்டு நாளுக்கும் தாங்காது.

குதிக்காலில் பட்டி இல்லாத செருப்பு எல்லோருக்கும் ஒத்துவராது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் குழுவில் தைக்கும் ஓர் அக்கா. ஷெல் வீச்சில் ஒரு காலை இழந்தவர். மாதிரிச் செருப்பைப் போட்டு நாலடி நடந்தார், செருப்பு பின்னால் நின்றுவிட்டது. "மிஸ், விரல் இருந்தாத்தானே இறுக்கிப் பிடிக்கலாம். செயற்கைக் காலுக்கு ஏது பிடி?" என்றார். உண்மைதான். நாங்கள் யோசிக்காமலே விரலை மடக்கித்தான் இந்த வகைச் செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிறோம். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் உருவாக்கப்பட்ட ஜெய்ப்பூர்க் கால், வெறுங்காலோடும் நடக்கக்கூடியதாகச் செய்யப்பட்டது. அதற்குப் பட்டியில்லாத செருப்பைப் போடுவதைவிடப் போடாமல் விடுவது பாதுகாப்பு. நீரிழிவினால் காலில் உணர்வு குறைந்தவர்களுக்கும் இதே பிரச்சினை இருக்கிறது. செருப்புக் கழன்றதே தெரியாமல் நடப்பார்கள். அந்த அக்கா அன்றே குதிக்காலைச் சுற்றி இலாஸ்ரிக் பட்டி ஒன்றை வைத்துத் தைத்தார். எல்லாச் சோடிக்கும் பட்டி வைக்கத் தேவையில்லை. பத்துக்கு ஒரு சோடியாவது பட்டியோடு எடுங்கள் என்று விடுதிக்காரருக்குச் சொல்லுங்கள். மூத்தவர்கள் வந்தால் அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

மேல்துணிக்கு வருவோம். துவாய்த்துணி தண்ணீரை உறிஞ்சும், தோய்க்கலாம், காலுக்கும் இதம். பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் ஒருதரம் நனைத்துக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே சுருங்கி அடியை வளைத்துவிடும். மருதமுனைக் கைத்தறித் துணியில் மேற்பட்டி வைத்தால் பார்க்கிறவர்கள் விலையைப் பற்றிக் கேட்கமாட்டார்கள், அவ்வளவு வடிவு. ஆனால் சாயத்தைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் துணியை நனைத்து நன்றாகத் தேயுங்கள். நிறம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். ஈரக்காலில் இறங்கும் சாயம் வெள்ளைப் படுக்கைவிரிப்பில் ஏறும். அதற்கு ஏச்சு வாங்குகிறவர் செருப்பைத் தெரிவு செய்தவர் அல்லர், அறை வேலை செய்யும் பிள்ளைதான்.

பனையோலைச் செருப்பும் பன்புல் செருப்பும் எங்கள் கைப்பணி. எனக்கும் அவற்றில் விருப்பம் உண்டு. ஆனால் குளியலறைக்குள் போகிற செருப்பாக அவற்றைச் சிபாரிசு செய்யமாட்டேன். ஓலை நனைந்து காய்ந்தால் வெடிக்கும், விளிம்பு காலைக் கீறும். பன் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தும்பு அடியும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், மெல்லிய தோலுக்குக் குத்தும். ஓலையில் செருப்பை வைத்துக் கொடுக்கும் பெட்டியைச் செய்யலாம், அறையில் அழுக்குத்துணிக் கூடை செய்யலாம். அவற்றுக்கு விலையும் கூடக் கிடைக்கும்.

அளவில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஆட்களின் காலை வைத்து 26 சென்ரிமீற்றரில் வெட்டினால் ஐரோப்பிய ஆண்களின் குதிக்கால் வெளியே நிற்கும். 29 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒன்றும், பெண்களுக்கு 26இல் ஒன்றும் என்று இரண்டு அளவு போதும். விரல் திறந்த மாதிரி என்றால் ஒரே அளவு பலருக்கும் பொருந்தும், துணியும் மிச்சம், எங்கள் வெக்கைக்கும் நல்லது. மூடிய மாதிரி நுவரெலியாக் குளிருக்குப் பரவாயில்லை.

வீட்டில் அறை விடுகிற சகோதரிகளுக்கு நான் சொல்வது வேறு. ஒருநாள் செருப்பை நீங்கள் வாங்கவே வேண்டாம். அறைக்கு இரண்டு சோடி நல்ல றப்பர்ச் செருப்பு, வெவ்வேறு அளவில் வாங்கி வையுங்கள். ஒருவர் போனதும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தவருக்கு வையுங்கள். ஒருவர் போட்ட துணிச் செருப்பைத் தோய்க்காமல் இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண் ஈரமான செருப்பு வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும்.

பெரிய விடுதிகளில் ஒருதரம் போட்டதை எறிந்துவிடுகிறார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது இலகு அல்ல. 2009இல் வெறுங்காலோடு சுடுமணலில் நடந்து வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். ஒரு பெண் நாலைந்து சோடியைத் தோய்த்துப் பிள்ளைகளுக்கென்று பையில் வைத்திருக்கிறார். வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, களவு என்று எழுதிவிட்டார். குப்பைக்கூடைக்குப் போக வேண்டிய பொருள், கைக்கு வந்ததும் களவாகிவிட்டது. பல நாள் கதைத்தபிறகே அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அறை வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: விருந்தினர் விட்டுப்போன பொருட்களை எடுக்கலாமா என்று மேற்பார்வையாளரிடம் முதலே கேளுங்கள். எடுக்கலாம் என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் வாசலில் செல்லாது. பத்துத் தோய்ச்சலுக்குத் தாங்கும் செருப்பாக எடுத்தால் விடுதிக்கு இந்தக் குப்பையும் இல்லை, இந்தக் கதையும் இல்லை என்பது என் எண்ணம்.

இனித் தைக்கிறவர்கள் பக்கம். ஒரு குழுவுக்கு 300 சோடி ஓடர் வந்தது. சோடி 280 ரூபா தருவதாக விடுதி சொன்னது. எல்லோர் முகத்திலும் சந்தோசம். நான் கொப்பியை எடுத்துக் கணக்கைப் போடச் சொன்னேன். துணி, நுரைத்தகடு, அடி, ஓரப்பட்டி, நூல், பொலித்தீன் பை என்று கூட்ட 220 ரூபா வந்தது. மிச்சம் 60. ஒரு சோடியை வெட்டி, தைத்து, ஓரம் கட்டி முடிக்க 40 நிமிடம் எடுத்தது, மணிக்கூட்டைப் பார்த்தே எழுதினோம். எட்டு மணித்தியாலத்துக்கு 12 சோடி. அதாவது ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்து தைத்தால் 720 ரூபா. அதிலே கரண்ட் காசும் பஸ் காசும் போக வேண்டும். "வெங்காயம் நடப் போனாலே இதைவிடக் கூடத் தருவினம்" என்றார் ஒருவர். "எண்டாலும் வந்த ஓடரை விட ஏலுமோ மிஸ்?" என்றார் இன்னொருவர். அவருக்கு நுண்கடன் தவணை இருந்தது. அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை.

குழு விடவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. மாதிரியை எடுத்துக்கொண்டு இருவர் விடுதிக்குப் போனார்கள். அவர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த மெல்லிய செருப்பையும் தங்கள் செருப்பையும் பக்கத்தில் வைத்து, குளியலறைத் தரையிலேயே தண்ணீர் ஊற்றிக் காட்டினார்கள். ஒருதரம் போட்டு எறியும் செருப்பின் விலையோடு எங்களுடையதை ஒப்பிடாதீர்கள், பத்துத்தரம் தோய்த்துப் போடும் கணக்கைப் பாருங்கள் என்றார்கள். சோடி 390 ரூபாவுக்கு இணங்கினார்கள். ஆனால் 300 அல்ல, 120 சோடிதான். அதுவும் நல்லதென்றே நினைக்கிறேன். மெசின் பழகவும் நேரம் வேண்டும். வீட்டு மெசினில் நுரை அடியைத் தைக்கும்போது 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி போட்டு, தையலை நீளமாக வையுங்கள். கிட்டக் கிட்ட ஓட்டை விழுந்தால் முத்திரை கிழிவது போல அடி கிழிந்து வரும்.

விலை பேசும்போதே காசு எப்போது கைக்கு வரும் என்பதையும் பேசுங்கள். விடுதிகள் ஒன்றிரண்டு மாதம் கழித்துத் தருவது வழக்கம், துணிக்கடைக்காரர் அதுவரை பொறுக்கமாட்டார். பொருட்செலவையாவது முற்பணமாகக் கேளுங்கள். விடுதியின் பெயர் பொறிக்கச் சொன்னால் பாதிக் காசு முதலே வர வேண்டும். பெயர் பொறித்த செருப்பை அவர்கள் எடுக்காமல் விட்டால் வேறு எவரும் வாங்கமாட்டார்கள்.

ஒரே மாதிரியில் மூன்று சோடி தையுங்கள். மூன்றின் அடியிலும் இரு தரப்பும் கையெழுத்தும் திகதியும் வைக்க வேண்டும். ஒன்று விடுதிக்கு, ஒன்று வெட்டுகிறவரின் மேசைக்கு. மூன்றாவதைக் குழுத் தலைவி அலுமாரியில் பூட்டி வைக்கட்டும். தடிப்புக் குறைவு, நிறம் வேறு என்று பின்னர் பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட அது இருக்கும்.