அணையும் ஐயமும்

விடுதியில் எங்கள் அறையில் மூவர். ஒரு நண்பர் கம்பத்தைச் சேர்ந்தவர். உழவர் வீட்டுப் பிள்ளை. மற்றொருவர் வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இருவர் தாய்மொழியும் தமிழே. பருவமழை வலுக்கும் நாட்களில் இருவரும் வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவர். இருவரும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றே: “இன்றைக்கு எத்தனை அடி?”

விடையும் ஒன்றேதான். “138 அடி” என்று சொன்னால் கம்பத்து நண்பரின் முகம் மலரும். நெற்பயிருக்குத் தண்ணீர் உறுதி. வண்டிப்பெரியாற்று நண்பரின் முகம் வாடும். ஆற்றங்கரை வீட்டில் அவர் தாயார் துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கியிருப்பார். ஒரே எண், ஒரு தமிழன் வீட்டில் உணவு. மற்றொரு தமிழன் வீட்டில் அச்சம். முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றி மேடையில் முழங்குவோர் இவ்விரு முகங்களையும் ஒருசேரப் பார்த்ததுண்டா?

அணையின் வரலாறு நாம் அறிந்ததே. 1886-இல் திருவிதாங்கூர் அரசும் சென்னை அரசும் 999 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. பென்னிகுயிக் என்னும் பொறியாளர் காட்டையும் காய்ச்சலையும் வெள்ளத்தையும் எதிர்த்து நின்று, 1895-இல் அணையை முடித்தார். கருங்கல்லும், சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சாந்துமே அதன் உடல். மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்கள் இன்றும் அந்த நீரால் வாழ்கின்றன.

அணை நிற்பது கேரள மண்ணில்; அதை ஆள்வது தமிழ்நாட்டு அரசு. 1979-இல் குசராத்தில் மோர்வி நகருக்கு மேலிருந்த அணை உடைந்து ஊரை அழித்தது. அவ்வாண்டில் பெரியாற்று அணையைப் பற்றிய அச்சமும் பெருகியது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையின் தலையில் கான்கிரீட் தொப்பி வைத்தார்கள். எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தார்கள். முதுகுப்புறத்தில் கான்கிரீட் சுவரை அணைத்துக் கட்டினார்கள். நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து, அணை உறுதியாக உள்ளது என்று 2012-இல் அறிக்கை தந்தது. 2014-இல் உச்சநீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை நான் ஏற்கிறேன். ஆராய்ந்தவர் சொன்னதை அஞ்சியவர் சொன்னதற்காகத் தள்ளுவது அறிவுடைமையாகாது. ஆனால் நண்பர்களே, தீர்ப்பு வழக்கை முடிக்கும், அச்சத்தை முடிக்குமா? 2014-இல் உறுதியாக இருந்தது என்பதனாலேயே ஓர் அணை என்றென்றும் உறுதியாக இருந்துவிடுமா? மருத்துவர் ஒருமுறை நலம் என்று சொன்னார் என்பதற்காக மறுபடி அவரிடம் போகாமலே இருப்பவர் உண்டா?

இங்கே நம் கவனத்தைப் பாலக்காட்டுப் பக்கம் திருப்ப வேண்டும். அங்கே பரம்பிக்குளம் அணை இருக்கிறது. அதுவும் கேரள மண்ணில் நிற்பது. அதையும் தமிழ்நாடே இயக்குகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் வயல்கள் அதனை நம்பி வாழ்கின்றன. பெரியாற்று அணையைப் போல் அதைப் பற்றி யாரும் பெருங்கூச்சல் போட்டதில்லை. அமைதியான அணை. 2022 செப்டம்பர் 21 அன்று, விடியுமுன், அந்த அமைதியான அணையின் மூன்று மதகுகளுள் நடுமதகின் கதவு பெயர்ந்து போயிற்று. வினாடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்தது. உழவன் ஓராண்டு எதிர்பார்த்த நீர் சில நாட்களில் கடலுக்குப் போயிற்று.

இது தனி நிகழ்ச்சியா? அன்று. 2018 ஆகஸ்டில் திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2024 ஆகஸ்டில் துங்கபத்திரை அணையின் 19-ஆம் மதகு, சங்கிலி அறுந்து ஆற்றோடு போயிற்று. மூன்றிலும் அழிவு தொடங்கிய இடம் மதகே! பெருஞ்சுவர் உடையுமா உடையாதா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கும்போது, சிறிய சங்கிலியும் துருவும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

ஆகவே, அணைக்குப் பகை அதன் வயதன்று, கவனிப்பின்மையே. வருந்தத்தக்கது என்னவென்றால், இரு மாநிலத்துச் சண்டை முதலில் தடுப்பது அந்தக் கவனிப்பைத்தான். பெரியாற்று அணைக்குத் துணையாக நிற்கும் சிற்றணையைப் பலப்படுத்த, அருகிலிருந்த 15 மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. 2021 நவம்பரில் கேரள வனத்துறை இசைவு தந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அந்த இசைவு திரும்பப் பெறப்பட்டது. அணை வலுவற்றது என்று சொல்லும் நாவே, அதை வலுப்படுத்தும் கையைப் பிடித்து நிறுத்துவது எந்த நியாயம்?

நம் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் நள்ளிரவில் மதகுகள் திறக்கப்பட்டபோது, வண்டிப்பெரியாற்றின் கரை வீடுகளில் நீர் புகுந்தது. எச்சரிக்கை போதவில்லை என்று அம்மக்கள் முறையிட்டார்கள். நமக்கு நீர் தரும் ஆற்றின் கரையில் உறங்குகிறவனுக்கு உரிய வேளையில் ஒரு சொல் சொல்வது நம் கடமை அல்லவா?

சிறுவாணியைப் பாருங்கள். கோவை மக்கள் பருகும் நீர் பாலக்காட்டு மாவட்டத்து அணையிலிருந்து வருகிறது. அங்கே இயக்கும் பொறுப்பு கேரளத்தினுடையது. பாதுகாப்பைக் காரணம் காட்டி முழு அளவுக்கு நீரைத் தேக்காமல் வைப்பதும், கோவையில் குடத்தோடு காத்திருப்பதும் பழகிப்போன காட்சிகள். ஓரிடத்தில் உரிமை நமது, ஓரிடத்தில் அவர்களது. இரண்டிடத்திலும் தவிப்பது குடிமக்களே.

என்ன செய்யலாம்? 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், ஒரு மாநிலத்தில் நின்று மற்றொரு மாநிலத்தின் உடைமையாக இருக்கும் அணைகளைத் தேசிய ஆணையத்தின் கண்காணிப்பில் வைத்திருக்கிறது. அது நன்று. ஆனால் அதிகாரிகள் மட்டும் பார்ப்பது போதாது. மக்களும் பார்க்க வேண்டும். அணைக்குள் செல்லும் கேலரியில் கசியும் நீர் அளக்கப்படுகிறது. எந்தக் கல்லணையிலும் சிறிது கசிவு இருக்கும், அதனால் ஆபத்தில்லை. நீர்மட்டம் மாறாதபோது கசிவு திடீரெனப் பெருகினாலோ, கலங்கி வந்தாலோதான் ஆபத்து. அந்த அளவை நாள்தோறும் தமிழிலும் மலையாளத்திலும் ஊர்ப் பலகையில் எழுதி வைத்தால் என்ன? மதகுச் சங்கிலி எப்போது சோதிக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பதையும் அதன் கீழே எழுதினால் என்ன? பழுது பார்க்கும் வேலையை மட்டும் எந்த அரசும் எந்த வழக்கைக் காட்டியும் தடுக்கக் கூடாது என்று உடன்பட்டால் என்ன?

“அளவுகளை வெளியிட்டால் எதிர்த்தரப்பார் அதையே ஆயுதமாக்குவர்” என்பார் சிலர். வெளியிடாதபோது மட்டும் சும்மா இருக்கிறார்களா? இருட்டில்தானே வதந்தி வளர்கிறது! “புதிய அணையே வேண்டும்” என்பார் வேறு சிலர். வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. அது முடியும்வரை நீரைத் தாங்கி நிற்கப் போவது பழைய அணைதானே? அதைப் பேணாமல் விடுவதால் யாருக்கு நன்மை?

இது புதுமையன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டைக் கேளுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் ஏரி வாரியத்துக்குக் குடவோலையால் ஆள் தேர்ந்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மறுமுறை பொறுப்பேற்க முடியாது. அவர் உறவினரும் முடியாது. ஏரியைக் காப்பவன் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் சட்டம். ஏரிக்கு இருந்த அந்தச் சட்டம் அணைக்கு வேண்டாமா?

மாணவ நண்பர்களே! நம்முள் பொறியியல் பயில்வோர் உண்டு. சட்டம் பயில்வோர் உண்டு. மலையாளம் அறிந்தோரும் உண்டு. கூட்டம் போட்டுக் கொடி பிடிப்பது எளிது. ஓர் அணையின் ஓராண்டு அளவுகளைக் கேட்டு வாங்கி, இரு மொழியிலும் எழுதி, இரு கரையிலும் படித்துக் காட்டுவது கடினம். கடினமானதைச் செய்யவே நாம் பல்கலைக்கழகத்துக்கு வந்தோம்.

சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, வண்டிப்பெரியாற்று நண்பர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கட்டிலில் அமர்ந்தார். கம்பத்து நண்பர், “என்னப்பா, அம்மா என்ன சொன்னாங்க?” என்று கேட்டார். “தூங்கலையாம்” என்றார் அவர். அதற்குமேல் அறையில் யாரும் பேசவில்லை. அந்தத் தாயார் நிம்மதியாக உறங்கும் நாளில்தான் கம்பத்து வயலுக்குப் பாயும் நீரும் நிலையான நீராகும்.