விளக்க விளக்கத் தேயும் பித்தளை

கட்டுரையாளர்: உலோகப் பொறியாளர், ஜூரோங்

சென்ற மாதம் ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருக்கும் நண்பர் ஒரு பழைய டிரம்பெட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். மகன் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகப் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்திருக்கிறான். “புதுசு மாதிரி பளபளன்னு ஆக்கணும், நீங்கதானே உலோகம் படிச்சவர்” என்றார். வாத்தியத்தின் விரிந்த வாயில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புத் திட்டு. கேட்டால், தேக்காவில் வாங்கிய புளியைக் கரைத்து அவரே தேய்த்துப் பார்த்தாராம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் குத்துவிளக்கு கனமான வார்ப்பு. நான்கு தலைமுறை தேய்த்தாலும் தாங்கும். டிரம்பெட்டின் தகடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் 70 விழுக்காடு செம்பும் 30 விழுக்காடு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. புளியின் அமிலம் துத்தநாகத்தை முதலில் கரைத்தெடுக்க, மேலே செம்பு தங்கிச் சிவக்கிறது. அழுக்கோடு உலோகமும் போயிருக்கிறது.

இத்தகைய வாத்தியங்களுக்குத் தொழிற்சாலையிலேயே லேக்கர் பூசிவிடுகிறார்கள். காற்றும் ஈரமும் பித்தளையைத் தொடாமல் தடுப்பது அதன் வேலை. கைபிடிக்கும் இடத்தில் வியர்வை பட்டுப் பட்டு அது உரியும். உரிந்த இடம் பழுப்பாகும். பார்க்க நன்றாக இராதே தவிர, வாசிப்பை அது கெடுக்காது. மறுபடி லேக்கர் பூசுவதென்றால் பழையதை முழுக்க உரித்து, சக்கரத்தில் பாலிஷ் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தகடு மெலியும், பொறித்த எழுத்து மழுங்கும். மறுபூச்சு கண்ட பழைய வாத்தியத்தை விவரம் தெரிந்தவர்கள் விலை குறைத்துக் கேட்பது இதனால்தான்.

கடையில் விற்கும் பாலிஷ் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா உண்டு. பித்தளைக்கு அது ஆகாது என்பதற்குப் பேர்போன சான்று இந்தியாவில் கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவம் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியா, மழை ஈரம், உறையை இழுத்துச் செய்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. தோட்டா உறையும் டிரம்பெட்டும் கிட்டத்தட்ட ஒரே பித்தளை. ஒருமுறை துடைத்ததும் டிரம்பெட் பிளந்துவிடாது. ஆனால் மூட்டுகளில் திரவம் தங்கும்படி ஊற்றித் தேய்ப்பது, ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தொடும் நம் ஊரில் வம்பை விலைக்கு வாங்குவது.

நண்பருக்கு நான் காட்டியது வேறோர் இடத்தை. ஊதுவாயை அடுத்த குழாயில் சிறு சிவப்புப் புள்ளிகள். உள்ளே தங்கிய எச்சில் ஈரம் துத்தநாகத்தை அரித்து வெளிப்புறம்வரை வந்துவிட்டது. பாலிஷ் போட்டால் புள்ளி மறையும், அரிப்பு நிற்காது. அந்தக் குழாயைத்தான் மாற்ற வேண்டும்.

மற்றபடி செலவில்லை. ஊதி முடித்ததும் நீரை வடித்து, மெல்லிய துணியால் வியர்வையைத் துடைத்தால் போதும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரிலும் மென்சோப்பிலும் கழுவி, உள்ளே வளையும் பிரஷ் விட்டு எடுக்கலாம். கொதிநீர் வேண்டாம், லேக்கர் கிளம்பிவிடும். வால்வுக்கு எண்ணெய், லேக்கர் போன இடத்துக்கு மெல்லிய மெழுகு.

பள்ளிப் பேண்டு குழுக்கள் வாசிக்கும் சிங்கப்பூர் இளையர் விழா 1967 முதல் நடக்கிறது. விழா நெருங்கினால் பாலிஷ் டப்பாவும் வெளியே வரும். பெற்றோருக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையில் பணமிருந்தால் நசுங்கலை நிமிர்த்தவும் வால்வைச் சீராக்கவும் செலவிடுங்கள். தேய்த்தெடுத்த பித்தளையை எந்தப் பூச்சும் திருப்பித் தராது. பழுப்பேறிய டிரம்பெட்டோடு வரும் பிள்ளையை அதற்காகப் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள்.