சிலந்தி வந்தால் அறிவியல் ஓடிவிடுமா?

“பாட்டிக் கதைக்கு ராக்கெட் கட்டிவிட்டால் அறிவியல் புனைகதை ஆகிவிடுமா?” ஆப்பிரிக்க எழுத்தாளர் யாராவது விண்வெளிப் பக்கம் தலைகாட்டினால் போதும், இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் கிளம்பிவிடும். ஆண்டுக்கணக்கில் கேட்டுக் காது புளித்துப்போன பல்லவி. பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் 2025 மே 10 அன்று வந்த ‘தி ஸ்டோரி அண்ட் தி எஞ்சின்’ எபிசோடுக்கும் அதையேதான் பாடினார்கள். எழுதியவர் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் பிறந்த இனுவா எல்லாம்ஸ். லாகோஸில் ஒரு சலூன். உள்ளே போனவர் வெளியே வர முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல அது கடையின் ஜன்னலில் படமாக ஓடும். வெட்டிய முடி மறுபடி வளர்ந்து நிற்கும். கதவைத் திறந்தால் எதிரே விண்வெளி. கடையை முதுகில் சுமந்துகொண்டு ஒரு ராட்சதச் சிலந்தி வலைமேல் நடந்துகொண்டிருக்கிறது. அதை ஓட்டும் எரிபொருள், உள்ளே சொல்லப்படும் கதைகள்.

சில்லறைக் குற்றச்சாட்டுகளை முதலில் பைசல் செய்துவிடலாம். கதைகளில் சிலந்தியாக வரும் அனான்சி கானாவின் அக்கான் மக்களுடையவன், அவனுக்கு லாகோஸில் என்ன வேலை என்கிறார்கள். அடிமைக் கப்பலில் ஜமைக்கா வரை போய்ச் சேர்ந்தவனுக்கு லாகோஸ் தூரமா? ‘கடைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள்’ என்பது அடுத்த புகார். 2017-இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் மேடையேறிய எல்லாம்ஸின் ‘பார்பர் ஷாப் கிரானிக்கிள்ஸ்’ நாடகமே ஆறு நகரங்களின் சலூன்களில் ஆண்கள் பேசிக்கொண்டிருப்பதுதான். அவருடைய பாணியே அது.

‘கதை எப்படி எரிபொருளாகும், இதில் அறிவியல் எங்கே?’ என்பதுதான் அவர்களுடைய பிரம்மாஸ்திரம். இதே தொடரில் நேரப் பயணம் செய்யும் போலீஸ் பெட்டியை 1963 முதல் முகம் சுளிக்காமல் பார்த்துவந்தவர்கள், லாகோஸ் வந்ததும் இயற்பியல் வாத்தியாராகிவிடுகிறார்கள். அது கிடக்கட்டும். கதையை இயந்திரம்போலக் கையாள்வது அந்த மண்ணுக்குப் புதிதே அல்ல. யொரூபா மக்கள் குறி கேட்கும் இஃபா முறையை எடுத்துக்கொள்ளுங்கள். குறி சொல்லும் பூசாரியான பாபலாவோ ஒரு சங்கிலியை வீசுகிறார். அதில் பக்கத்துக்கு நான்காக எட்டு விதை ஓடுகள். ஒவ்வொன்றும் குப்புற விழும் அல்லது மல்லாந்து விழும், மூன்றாவது வழி இல்லை. எட்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் 256. அத்தனை ‘ஒடு’க்கள், அதாவது குறி வடிவங்கள், இஃபாவில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனிக் குறி. ஒரு ஒடுவுக்கு ஏறக்குறைய 800 ‘எஸே’ எனும் பாடல்கள் என்கிறது யுனெஸ்கோ. ஆக, கதையும் கவிதையுமாக இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது கணக்கு. சங்கிலி விழுந்த வாக்கில் எந்த ஒடு என்று தெரிகிறது. பாபலாவோ அதற்குரிய எஸேக்களை நினைவிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓதுகிறார். வந்தவர் தம் சிக்கலோடு பொருந்துவது எது என்று கேட்டுத் தேர்கிறார். எட்டு இருமக் குறிகளால் முகவரி, முகவரிக்குள் கதை, கதையிலிருந்து முடிவு. இதையே ஒரு கணினி நிறுவனம் பளபளக்கும் பெட்டிக்குள் வைத்து விற்றிருந்தால், அதே கூட்டம் வரிசையில் நின்று வாங்கியிருக்கும்.

‘இது இஃபாவைப் பற்றிய எபிசோடு இல்லையே’ என்பார்கள். இல்லைதான். ஆனால் கதைகளைச் சேர்த்து, அடுக்கி, வேண்டியபோது எடுத்து வேலை வாங்குவதுதான் இங்கும் நடக்கிறது. கடைக்காரர் தாமே அனான்சி, தாமே நார்ஸ் புராணத்து லோகி என்று மார்தட்டும்போது, தொடரின் நாயகரான டாக்டரும் அவருடைய பயணத் துணை பெலிண்டாவும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் கடவுள் இல்லை. கடவுள்களின் கதைகளை எழுதி, திருத்தி, வலைப்பின்னலாகக் கோத்துக் கொடுத்த வேலைக்காரர். பெயரும் புகழும் கடவுள்களுக்குப் போக, இவருக்குக் கிடைத்தது பட்டை நாமம். பிறர் உழைப்பைக் கொட்டிக் கட்டிய வலைகளின் காலத்தில் இருந்துகொண்டு இதைப் பாட்டிக் கதை என்பவர் எந்தப் பாட்டியிடம் கேட்டாரோ! அனான்சியின் மகள் அபீனா, டாக்டரின் தலையில் எஞ்சினுக்குப் போகும் வழியைப் பின்னலாகவே பின்னிவிடுகிறாள். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் கொலம்பியாவில் அமைத்த சான் பசிலியோ தே பலெங்கே ஊரில், தப்பும் பாதையைப் பெண்கள் கூந்தலில் பின்னி வைத்தார்கள் என்று வாய்மொழியாகச் சொல்லிவருகிறார்கள். காகிதமும் பேனாவும் மறுக்கப்பட்டவர்கள் தகவலைச் சேமித்த இடம் அது.

முடிவு ஏமாற்றுவேலை என்பது கடைசிப் புகார். டாக்டர் ஆறே சொல்லில் ஒரு கதை சொல்லி எஞ்சினைத் திணறடித்துவிடுகிறாராம், சுத்த மந்திரமாம். அவர் சொல்வது செத்துச் செத்துப் பிறக்கும் தம் கதையை. 1966-இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது, வேறு நடிகரைப் போட்டுத் தொடரைக் காப்பாற்றக் கண்டுபிடித்த உத்திதான் அந்த மறுபிறப்பு. கதைக்கு முடிவே கிடையாது என்பதால் எஞ்சின் விழுங்க விழுங்க வந்துகொண்டே இருக்கிறது. நிற்காத லூப் இயந்திரத்தை என்ன பாடு படுத்தும் என்பது புரோகிராம் எழுதப் பழகும் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அறிவியல் எங்கே என்று கேட்டவர்கள் அந்தக் காட்சியின்போது சிலந்திக்குக் கால் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது.