காவல் என்னும் பெயரால்

ஊருக்குள் வெள்ளம் புகுந்து வீடுகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில் ஒரு பேச்சு எழும். “போலீஸ் வர நாளாகும், நம் தெருவை நாமே காப்போம், வாலிபர்கள் கம்பும் அரிவாளுமாக முனையில் நிற்கட்டும், தெரியாத முகம் எதையும் உள்ளே விடாதீர்கள்” என்பார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தபோது இதனை ஒரகடம் பக்கத்திலும் கேட்டோம். மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் கேட்டு வருகிறோம். பேசுவோர் தீயவர் அல்லர். பிள்ளை குட்டிகளை எண்ணி அஞ்சுபவர்கள். ஆயினும் அவர்கள் கூறும் வழி ஆபத்தானது என்பதை எடுத்துரைக்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தம் கூற்றுக்கு அவர்கள் மார்க்கத்தையே ஆதாரமாகக் காட்டுகின்றனர். தன் பொருளைக் காக்கும் போராட்டத்தில் இறந்தவர் ஷஹீத் என்னும் நபிமொழி உண்மையே. ஆனால் அதனை ஓதுவோர் ஃபிக்ஹு நூல்களில் ‘ஸாயில்’, அதாவது பாய்ந்து தாக்க வருபவன், பற்றிய பாடத்தையும் சேர்த்து ஓத வேண்டாமா? சொல்லால் தடுக்க முடிந்தால் கை ஓங்கக் கூடாது. கையால் முடிந்தால் கம்பு கூடாது. கம்பு போதுமென்றால் ஆயுதம் கூடாது. இலேசானதிலிருந்து தொடங்குவதே இமாம்கள் வகுத்த முறை. அதுவும் தாக்க வருபவன் மீது மட்டும். இருட்டில் நடந்து வரும் தெரியாத மனிதனை ‘ஸாயில்’ என்று எந்த இமாம் எழுதினார்?

இந்தக் காவல் எங்கே கொண்டு விடும் என்பதற்குச் சரித்திரம் உண்டு. 1923 செப்டம்பர் 1 அன்று ஜப்பானில் டோக்கியோ, யோகஹாமா நகரங்களைப் பூகம்பம் அழித்தது. நிலநடுக்கத்திலும் அதனைத் தொடர்ந்த தீயிலும் மாண்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். அன்றே ஒரு வதந்தி கிளம்பிற்று: கொரியர்கள் தீ வைக்கிறார்களாம், கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்களாம். உள்துறை அமைச்சகமே அதனைக் கம்பியில்லாத் தந்தியில் பரப்பியது! தெருத் தெருவாகத் தற்காப்புக் குழுக்கள் எழுந்தன. வாளும் மூங்கில் ஈட்டியும் ஏந்தி நின்றவர்கள் கடைக்காரர்களும் தச்சர்களும், நேற்று வரை அண்டை வீட்டாராக இருந்தவர்களுமே. வழிப்போக்கரை நிறுத்திப் ‘பதினைந்து யென் ஐம்பது சென்’ என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். நாக்குப் புரளாதவர் கொரியர், அவருக்கு மரணம். கொல்லப்பட்ட கொரியர் ஆறாயிரம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அரசு ஒப்புக்கொண்டதோ சில நூறு. செப்டம்பர் 6 அன்று ஃபுகுதா கிராமத்தில், ககாவா பகுதியிலிருந்து மருந்து விற்க வந்த ஜப்பானியர் ஒன்பது பேரையே பேச்சு வேறுபட்டதால் கொன்றனர். அவர்களில் குழந்தைகளும் ஒரு கர்ப்பிணியும் இருந்தனர். நம் தெருமுனையில் ‘வாழைப்பழம்’ சொல்ல வைத்துச் சோதித்தால் நம்மவரிலேயே எத்தனை பேர் தேறுவர்?

செல்வமும் சட்டமும் மிகுந்த அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் அல்ஜியர்ஸ் பாயிண்ட் பகுதியில் வெள்ளையர் சிலர் துப்பாக்கியுடன் தெருக்காவல் நின்று, உயிர் பிழைக்க அவ்வழியே வந்த கறுப்பினத்தவரைச் சுட்டனர். சுட்டவர்களில் ஒருவருக்குத் தண்டனை கிடைக்கவே 2019 ஆயிற்று.

“அதெல்லாம் அயல்நாட்டுக் கதை” என்பீர்களா? 2018 மே மாதம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று கருதி அடித்துக் கொன்றது நம் தமிழ்நாடே. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர் செய்த குற்றம்! அதே நாட்களில் பழவேற்காட்டில் ஒரு மனிதரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டனர். அப்போது வெள்ளமும் இல்லை, பூகம்பமும் இல்லை. கைபேசியில் வந்த ஒரு பொய்ச் செய்தியே போதுமாயிருந்தது.

செய்தி கொண்டு வருபவனை நம்பி அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்து விடாதீர்கள், தீர விசாரியுங்கள் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் இடும் கட்டளை. ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் பாதி வழியில் திரும்பி வந்து, அந்தக் கூட்டத்தார் தம்மைக் கொல்ல வந்ததாகக் கூறியதையும், அது பொய்யென்று பின்னர் தெரிந்ததையும் விரிவுரையாளர்கள் இவ்வசனத்தின் பின்னணியாக எழுதுகின்றனர். ஒரு படையே புறப்பட இருந்த நேரம் அது. மதீனாவிலேயே வதந்திக்கு இந்த எச்சரிக்கை தேவைப்பட்டதென்றால் நம் தெருக்கள் எம்மாத்திரம்!

வடக்குப்பட்டு, ஒரகடம் வட்டாரத்தில் இன்று ‘தெரியாத முகம்’ யாருடையது? பீஹார், ஒடிசா, அசாம், வங்காளத்திலிருந்து வந்து தொழிற்சாலைகளில் உழைத்து, லைன் வீடுகளில் ஓர் அறைக்குப் பலராய்ப் படுத்துறங்கும் தொழிலாளிகளுடையது. அவர்களில் சிலர் ஜும்ஆவில் நம் தோளோடு தோள் நிற்பவர்கள். நில்லாதவர்களின் உயிரும் அதே மதிப்புள்ளதே. (2022இல் வடக்குப்பட்டில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானியச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன, வெளியூர்ச் சரக்கு இந்த மண்ணுக்குப் புதிதன்று.) வெள்ளத்தில் முதலில் மூழ்குவது அவர்களின் அறைகளே, இருட்டில் மேடு தேடி நம் தெருவுக்குள் வரப்போகிறவர்களும் அவர்களே. அரிவாளுடன் நிற்கும் பிள்ளை “யாரடா?” என்று தமிழில் கேட்பான், வந்தவன் இந்தியில் பதில் சொல்வான். பிறகு? பிறந்த இடத்தையோ மொழியையோ காரணமாக்கி ஐவர் கூடிக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா. நம் பிள்ளைகளை அந்தக் கூண்டிலா ஏற்றப் போகிறோம்?

திருட்டே நடவாது என்று நாம் சொல்லவில்லை. இரவுக் காவல் இருக்கட்டும். கையில் விளக்கும் விசிலும் போதும். நிற்பவர் பெயர்ப்பட்டியல் காவல் நிலையத்தில் இருக்கட்டும். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். இந்தி பேசத் தெரிந்த தொழிலாளி ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004 சுனாமியின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார், வீடிழந்து வந்த மீனவ மக்களுக்கு அடுப்பு மூட்டிச் சோறாக்கிப் போட்டார்கள். வந்தவர் யார் எவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. நம் வட்டாரத்து ஜமாஅத்தார் ஐப்பசி பிறக்குமுன் கூடி, எந்தப் பள்ளிவாசலின் கதவு இரவில் திறந்திருக்கும், சாவி யாரிடம், அரிசி எங்கே என்பதை முடிவு செய்துவிட வேண்டும். தண்ணீர் ஏறிய இரவில் கூடிப் பேச நேரம் இராது.