பென்குவினுக்கு ஐந்து மீட்டர், நம் உள்ளானுக்குக் கல்லா?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போய் வந்திருக்கிறான். நேற்று போனில் ஒரு மணி நேரம் அந்தக் கதைதான்.

அர்ஜென்டினாவில் உசுவாயா என்ற ஊரில் கப்பல் ஏறினால், டிரேக் நீரிணையைக் கடக்கவே இரண்டு நாள். பாதிப் பேர் வாந்தி, மீதிப் பேர் வகுப்பில்! ஆமாம், கப்பலில் தினமும் வகுப்பு. பறவை, திமிங்கிலம், பனிப்பாறை என்று ஒவ்வொன்றுக்கும் பாடம். கரையிறங்கும் முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். உடுப்பில் ஒரு விதைகூட ஒட்டியிருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் கரையில் நூறு பேருக்கு மேல் கூடாது. பென்குவினிடமிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது குறுக்கே வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

"பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை டீச்சர்" என்றான். உண்மைதான், அவனை எனக்குத் தெரியாதா!

எனக்கு மரக்காணம் உப்பளம் நினைவுக்கு வந்தது. அவன் தென்துருவத்தைப் பார்க்க லட்சக்கணக்கில் செலவழித்தான். வடதுருவமோ வருடா வருடம் செலவில்லாமல் நம் வாசலுக்கு வருகிறது. கொசு உள்ளான் முப்பது கிராம்கூடத் தேறாத பறவை. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு, குளிர்காலத்தில் நம் உப்பளங்களுக்கும் கழுவேலிக்கும் வருகிறது. பெரியவை முன்னால் கிளம்பிவிடும். அந்த வருடக் குஞ்சுகள் பின்னால் தாமே வழி கண்டு வரும்.

2021இல் கழுவேலியைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். ஆனால் நாம்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்தி, கூட்டமாகப் பறந்தால் வீடியோ நன்றாக வரும் என்று கல்லெறிகிறவர்களை என் கண்ணால் பார்த்தேன். திரும்பிப் போகும் பயணத்துக்காக அந்தப் பறவை உடம்பில் கொழுப்பு சேர்க்கிறது. விரட்டும் ஒவ்வொரு முறையும் அது கரைகிறது.

மனிதர்களே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உப்பளத் தொழிலாளர்கள் பக்கத்துப் பாத்தியிலேயே உப்பு வாருகிறார்கள். பறவைகள் பாட்டுக்கு மேய்கின்றன. குறை நம் நடத்தையில்தான்.

அரசு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அங்கே 1991இல் கப்பல் கம்பெனிகளே கூடிச் சங்கம் வைத்துத் தங்களுக்கு விதி போட்டுக்கொண்டன. ஆரோவில் பக்கம் விடுதி நடத்துகிறவர்கள், உப்பளம் பார்க்கப் போகும் விருந்தினர்களுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுக்கலாமே: வரப்பில் இறங்காதே, டிரோன் விடாதே, பாட்டிலைத் திரும்பக் கொண்டு வா.

என் பங்குக் குற்றமும் உண்டு. 'சைபீரியாவிலிருந்து பறவைகள் வருகின்றன' என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போகக்கூடிய உப்பளத்துக்குப் பிள்ளைகளை ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை. போயிருந்தால் கல்லெறியும் கை ஒன்றிரண்டாவது குறைந்திருக்கும்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களே, நீங்களாவது இந்த மார்கழியில் கூட்டிப் போங்கள். தள்ளி நின்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்.