டேப்பட் சத்தம் நல்லது!

"அண்ணே, வண்டியில டேப்பட் சத்தம் வருது. கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க."

ஒரத்தநாட்டில் எந்த மெக்கானிக் கடை வாசலில் அரைமணி நேரம் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். மெக்கானிக்கும் மூடியைத் திறந்து ஸ்க்ரூவை ஒரு திருகு திருகுவார். சத்தம் போய்விடும். வண்டிக்காரருக்குச் சந்தோஷம், காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

பல எஞ்சின்களுக்குச் சனி பிடிப்பது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. இந்த வேலையை வீட்டிலேயே செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் சொல்வேன். காசை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. இந்த வேலைக்குப் பொருத்தமான இடமே வீடுதான் என்பதற்காக.

முதலில் டேப்பட் என்றால் என்ன என்று பார்ப்போம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் தலையில் இரண்டு வால்வுகள். ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே வர, இன்னொன்று புகை வெளியே போக. கேம் ஷாஃப்ட் சுற்றும்போது ராக்கர் என்ற சின்னக் கை வால்வை அழுத்தித் திறக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடும்! அந்த ராக்கருக்கும் வால்வின் நுனிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். நம் 100 சிசி வண்டிகள் பலவற்றில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சவர பிளேடின் தடிமனே 0.1 மி.மீ. என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதற்கு இந்த இடைவெளி? இரும்பு சூடானால் நீளும். இடம் விடாமல் இறுக்கி வைத்தால், சூட்டில் நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் அந்த இருக்கை வழியாகத்தான் இறக்கி வைக்கிறது. உட்கார முடியாவிட்டால் சூடு போக வழியில்லை. புகை போகிற வால்வு கொஞ்சம் கொஞ்சமாக எரியும். கம்ப்ரஷன் குறையும். மைலேஜ் போகும். காலையில் கிக்கரை உதைத்து உதைத்துக் கால் வலிக்கும். கடைசியில் ஹெட்டைக் கழற்றுகிற செலவில் போய் நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இடைவெளி கூடினால் சத்தம் வரும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது! அதாவது பெரிய ஆபத்து வாயைத் திறக்காது. வண்டி ஓட ஓட ராக்கர் தேய்ந்தால் இடைவெளி கூடும், வால்வு தன் இருக்கைக்குள் தேய்ந்து இறங்கினால் இடைவெளி குறையும். இந்த இரண்டாவதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நாமோ காதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகிறோம். நாம் கேட்பது அமைதி. மெக்கானிக் அதையே தருகிறார். அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

போதாததற்கு டைமிங் செயின் தளர்ந்த சத்தத்தையும் நாம் டேப்பட் கணக்கில் எழுதிவிடுகிறோம். அங்கே டேப்பட்டை எவ்வளவு இறுக்கினாலும் சத்தம் போகாது, வால்வுதான் போகும். மெல்லிய "டிக் டிக்" இயல்பான சத்தம். கடகடவென்று அடித்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சரி, ஏன் வீட்டில்? பொதுவாகக் கையேட்டில் கொடுத்திருக்கும் அளவு, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய அளவு. நாம் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டுதானே போகிறோம்? தஞ்சாவூர் ஷோரூமுக்கு என்றால் இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாக வேண்டும். போய் நிற்கும்போது எஞ்சின் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். அது ஆற மணிக்கணக்கில் ஆகும். வரிசையில் பத்து வண்டி நிற்கும்போது எந்த மெக்கானிக் காத்திருப்பார்? ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சின் கிடைப்பது விடியற்காலையில் நம் வீட்டு வாசலில் மட்டும்தான்.

நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. டிவிஎஸ் 50 வந்தது 1980-ல். அதன் பின்னால் வந்த எக்ஸ்எல் சூப்பரும், 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ம் டூ ஸ்ட்ரோக். அவற்றில் இந்த வால்வுகளே கிடையாது. வயல் வரப்பில் ஓடிய வண்டிகளுக்கு பிளக்கைத் துடைக்கத் தெரிந்தால் போதும். 1994-ல் ஸ்ப்ளெண்டர் வந்தது. 2015-ல் எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்தது. 2017 ஏப்ரல் முதல் பிஎஸ்-4 வண்டிகளை மட்டுமே விற்கலாம் என்றானது. இன்று 40 கிலோ நெல் சிப்பத்தைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிற மொபெட்டிலும் வால்வு இருக்கிறது. வண்டி மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை.

ஆனால் பம்ப்செட்டுக்கு டீசல் எஞ்சின் வைத்திருந்த விவசாயிகள் பலர் டேப்பட்டைத் தாங்களே பார்த்தவர்கள்தான். சென்னையில் 1955 முதல் தயாரான பழைய புல்லட்டுக்கு ஃபீலர் கேஜ்கூட வேண்டாம். பக்கவாட்டு மூடியைத் திறந்து புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்குச் செய்முறை சுருக்கமாக இது:

1. ஆறிய எஞ்சின். வண்டி சென்டர் ஸ்டாண்டில். சுற்றுவதற்கு லேசாக இருக்க பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

2. இடப்பக்க எஞ்சின் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும், ஹெட்டில் உள்ள இரண்டு டேப்பட் மூடிகளையும் திறக்கவும்.

3. மேக்னட்டை இடஞ்சுழியாகச் சுற்றி "டி" குறியை அடையாளக் கோட்டுக்கு நேராக நிறுத்தவும். இப்போது இரண்டு ராக்கரும் விரலுக்கு லேசாக ஆட வேண்டும். ஆடாமல் இறுகியிருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இதை விட்டால் எல்லாமே தப்பு.

4. கையேட்டில் உள்ள அளவு ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுக்கவும். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். சரியாக இருந்தால் ஸ்க்ரூவைத் தொடாமல் மூடிவிடுங்கள்.

5. மாற்ற வேண்டுமானால் லாக் நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவைத் திருப்பவும். ஸ்க்ரூ அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முறுக்கவும். முறுக்கியபின் கட்டாயம் மறுபடி அளக்கவும். நட்டை இறுக்கும்போதே அளவு மாறிவிடும்.

எல்லா வண்டியிலும் கை வைக்கச் சொல்லவில்லை. கேடிஎம் 390 ட்யூக்கில் ஷிம் மாற்ற வேண்டும், அது கடை வேலை. 2009-ல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக்கில் ஹைட்ராலிக் டேப்பட், அது தானே சரிசெய்துகொள்ளும். வாரண்டி இருக்கும் வண்டியை அது முடியும்வரை நோண்ட வேண்டாம்.

"மெக்கானிக் வயிற்றில் அடிக்கிறாயே தம்பி" என்று கேட்கலாம். டேப்பட் பார்ப்பதில் அவருக்கு வருவது சொற்பம். அவருடைய திறமை கிளட்ச்சிலும் கிராங்கிலும் இருக்கிறது. அளவு தெரிந்த வாடிக்கையாளர் அவருக்கு எதிரி இல்லை. "சத்தத்தை நிறுத்துங்க" என்பதற்குப் பதில் "அளவு என்ன இருக்குன்னு பாருங்க" என்று கேட்கிறவரிடம் அவரும் நிதானமாக வேலை செய்யலாம்.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதன் பட்டியலில் விவசாயக் கருவிகளும் வாகனங்களும் இருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் மூடியைத் திறக்கவே பயப்படுகிறவனுக்கு உரிமையை வைத்து என்ன பயன்? தவணை கட்டி வாங்கிய வண்டி நம்முடையது என்றால், அதன் உள்ளே இருக்கும் அந்த முடியளவு இடைவெளியும் நம் பொறுப்புதான்.

ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வையுங்கள். தெருவில் நாலு வீட்டுக்கு ஒன்று இருந்தாலே போதும். அடுத்த முறை வண்டி "டிக் டிக்" என்றால் உடனே இறுக்கச் சொல்லாதீர்கள். விடிந்ததும் அளந்து பாருங்கள்.