கோப்பை வந்தாச்சு... ஆட்டம் எப்போ வரும்?

2025 ஜூலை 6, ஞாயிறு ராத்திரி. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் டி.என்.பி.எல். இறுதிப் போட்டி. சாய் கிஷோர் தலைமையிலான திருப்பூர் தமிழன்ஸ் 20 ஓவரில் 220 ரன் குவித்தது. தொடக்க ஜோடியே வெளுத்துவிட்டது: அமித் சாத்விக் 65, துஷார் ரஹேஜா 77. அஸ்வினின் திண்டுக்கல் டிராகன்ஸ் 102 ரன்னில் சுருண்டது. அதுவும் முந்தைய ஆண்டு சாம்பியன்! காரைக்குடி காளையாக இருந்த காலத்திலிருந்து இந்த அணிக்கு இதுதான் முதல் கோப்பை.

ஆனால், கோவை, சேலம், நெல்லை, திண்டுக்கல் என்று சுற்றிய அந்த சீசனில் திருப்பூருக்கு ஒரு ஆட்டமும் இல்லை. ஞாயிறானால் டென்னிஸ் பந்தோடு இறங்கும் வெள்ளகோவில் பசங்களுக்கு சொந்த மாவட்ட அணியைப் பார்க்க செல்போன்தான் கதி. நத்தத்தில் ராத்திரி ஆட்டம் பார்த்துவிட்டு, திங்கள் காலை தறியில் நிற்பது லேசா என்ன?